வீட்டுக் கீசரைப் பராமரிக்க எந்தக் கருவிகள் உண்மையிலேயே தேவை?

கேள்வி: ஈரத்துண்டு

வணக்கம். எங்கள் குளியலறைச் சுவரில் 25 லிட்டர் கொள்ளளவும் நீரைச் சூடாக்கும் 2000 வாட் எலிமென்ட்டும் கொண்ட மின்சாரக் கீசர் ஒன்று ஆறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. சில மாதங்களாகக் குளிக்கும் அளவுக்கு நீர் சூடாக முன்பைவிட அதிக நேரம் ஆகிறது. சூடேறும்போது உள்ளே சோளம் பொரிவதுபோல் சடசடவென்று ஓசை கேட்கிறது. பிடித்துவைத்த வாளியின் அடியில் வெள்ளைத் துகள்கள் தங்குகின்றன. கல் படிந்துவிட்டது என்பது எனக்கே தெரிகிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும் என்பதில்தான் குழம்பி நிற்கிறேன்.

என்னிடம் இப்போது இருப்பவை ஓர் அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், ஒரு குறடு, இரண்டு ஸ்க்ரூடிரைவர்கள், விளக்கு வைத்த ஒரு டெஸ்டர். சென்ற ஆண்டு இந்த ஸ்பேனரைக் கொண்டு அடித்தகட்டிலுள்ள ஒரு நட்டைத் திருக முயன்று, அதன் மூலைகளை மழுக்கிவிட்டு, பயந்துபோய் அப்படியே மூடிவைத்துவிட்டேன். நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் அடங்கிய கருவிப்பெட்டி ஒன்றை வாங்கிவிடலாமா, அல்லது இந்த வேலைக்கென்று சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பது நல்லதா? மல்டிமீட்டர் கட்டாயம் தேவையா? எலிமென்ட்டில் ஒட்டியிருக்கும் கல்லை ஸ்க்ரூடிரைவரால் தட்டி எடுக்கலாமா? ஆண்டுக்கு ஒருமுறை நானே செய்துகொள்ள விரும்புகிறேன். ஆனால் கைவைக்கக் கூடாத இடத்தில் கைவைக்கும் எண்ணம் இல்லை.

மறுமொழி: பழைய ஸ்பேனர்

பெட்டியை வாங்காதீர்கள். அதிலுள்ளவற்றில் ஐந்தாறுதான் உங்கள் கீசருக்குப் பயன்படும். மீதியைத் தூசி தட்டுவதே ஒரு தனி வேலையாகிவிடும். மின்சாரத்தை எம்.சி.பி.யிலேயே (மின்பலகையிலுள்ள தானியங்கித் துண்டிப்பான்) நிறுத்திவிட்டு, அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியை மட்டும் கழற்றி, உள்ளே எத்தகைய நட்டுகள், எத்தனை, என்ன அளவு என்பதைப் பார்த்து ஒரு படமும் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு கடைக்குப் போவதுதான் சரியான வரிசை.

சுவரில் மாட்டும் சிறிய கீசர்களில் எலிமென்ட், நீர் சூடானதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட்டைச் செருகும் குழாய், தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் ஆனோட் தண்டு ஆகியவை ஃபிளாஞ்ச் எனப்படும் ஒரே வட்டத் தகட்டில் பொருத்தப்பட்டு, அந்தத் தகடு சில நட்டுகளால் தொட்டியோடு இறுக்கப்பட்டிருப்பது பரவலாகக் காணப்படும் அமைப்பு. மரை எம் 6 (6 மி.மீ. விட்டம்) என்றால் நட்டின் அளவு 10 மி.மீ.; எம் 8 என்றால் 13 மி.மீ. இந்த இரண்டு அளவுகளிலும் ஆறு மூலை கொண்ட சாக்கெட், ஒரு சிறிய ராட்செட் கைப்பிடி, 75 முதல் 150 மி.மீ. வரை நீளமுள்ள ஓர் எக்ஸ்டென்ஷன் ஆகியவை இருந்தால் ஃபிளாஞ்ச் வேலை முடிந்துவிடும். சாக்கெட் வாங்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். பன்னிரண்டு மூலை கொண்டது நட்டின் முனைகளில் மட்டுமே பிடிக்கும். ஆறு மூலை கொண்டது பக்கங்களிலும் விசையைப் பரப்பும். ஆறு ஆண்டு ஈரத்தில் துருவேறிய நட்டுக்கு இந்த வேறுபாடு பெரியது. உங்கள் நட்டு மழுங்கியதற்குக் காரணமும் இதுதான்: அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் தாடை சற்றே தளர்ந்து, இரண்டு மூலைகளை மட்டும் பிடித்திருக்கும். அந்த நட்டுக்கு இப்போது லாக்கிங் பிளையர் ஒன்று வேண்டியிருக்கும். பூட்டிப் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றிவிட்டு, அதைத் தூக்கி எறிந்து புது நட்டு போடுங்கள்.

துருவை இளக்கும் எண்ணெயைத் தாராளமாகப் பீய்ச்ச வேண்டாம். தகட்டுக்கும் தொட்டிக்கும் இடையில் நீர் கசியாமல் தடுக்கும் கேஸ்கட் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பரால் ஆனது, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊதிப்போகும். நட்டின் மேல் பஞ்சுக்குச்சியால் ஒரு துளி தடவி, கால் மணி நேரம் விட்டுவிட்டால் போதும்.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனருக்கும் இதில் ஒரு வேலை உண்டு. நீர் வரும் குழாயையும் வெந்நீர் வெளியேறும் குழாயையும் கழற்ற அதையே பயன்படுத்தலாம். ஆனால் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒன்றால் கீழே உள்ள நட்டைத் திருகும்போது, மற்றொன்றால் மேலே உள்ள வால்வை அசையாமல் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்காமல் திருகினால் விசை முழுவதும் தொட்டியில் பற்றவைத்த குட்டைக் குழாய்க்குப் போகும். அங்கே வெடிப்பு விட்டால் கீசரையே மாற்ற வேண்டியதுதான். பற்கள் கொண்ட பைப் ரெஞ்சை இந்தப் பித்தளைப் பாகங்களின் பக்கம் கொண்டுவராதீர்கள். மீண்டும் பொருத்தும்போது மரைமுனை நம்மைப் பார்த்திருக்க, டெஃப்லான் டேப்பைக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். ரப்பர் வாஷர் உள்ள இணைப்புக்கு டேப் தேவையே இல்லை.

மறுமொழி: மூன்றாம் கம்பி

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் கழற்றும் கருவிக்கு முன்னால் அறியும் கருவி வர வேண்டும் என்பது என் கருத்து. கல் படிந்ததால்தான் நேரம் ஆகிறது என்று கேள்வி கேட்டவர் முடிவே செய்துவிட்டார். அதில் எனக்கு ஐயம் உண்டு. எலிமென்ட்டின் மேல் எவ்வளவு கல் படிந்தாலும், அது உள்ளிழுக்கும் மின்திறன் ஏறத்தாழ மாறுவதில்லை. உள்ளே போகும் 2000 வாட்டும் எப்படியாவது நீருக்குள்தான் வந்தாக வேண்டும். கல் இருந்தால் எலிமென்ட்டின் உறை கூடுதலாகக் கொதித்து விரைவில் கெடும், சடசட ஒலி எழும், அவ்வளவுதான்.

எனவே முதல் கருவிகள் ஒரு கடிகாரமும் ஒரு தெர்மாமீட்டரும். ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 4.19 கிலோஜூல் வேண்டும். 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 3660 கிலோஜூல். 2000 வாட்டில் அதற்கு 31 நிமிடங்கள் ஆகும். உங்கள் கீசர் இதைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டால் குறையொன்றும் இல்லை. முக்கால் மணி நேரம் தாண்டினால், இடையில் கீசரின் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறதா என்று கவனியுங்கள். அணைந்து எரிந்தால் தெர்மோஸ்டாட் முன்கூட்டியே துண்டிக்கிறது என்று பொருள். அணையாமல் எரிந்தும் தாமதமானால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். மின்திறன் அழுத்தத்தின் இருமடிப்பெருக்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் எலிமென்ட், 200 வோல்ட்டில் சுமார் 1510 வாட்தான் தரும்.

மல்டிமீட்டர் தேவையா என்றால், தேவை. அளவீட்டுப் பிரிவு கேட் 3 என்று அச்சிட்டிருக்கும் மீட்டராக, முனைகள் விரலுக்குத் தடுப்பு வைத்தவையாக வாங்குங்கள். எலிமென்ட்டைச் சோதிக்க அது கட்டாயம். மின்சாரத்தை நிறுத்திய பின், எலிமென்ட்டின் இரு முனைகளிலும் உள்ள கம்பிகளில் ஒன்றையாவது கழற்றிவிட்டுத்தான் ஓம் அளக்க வேண்டும். இல்லையென்றால் இணையாக உள்ள வேறு சுற்றும் சேர்ந்து காட்டும். 230 வோல்ட், 2000 வாட் என்றால் 26.5 ஓம் அளவில் இருக்க வேண்டும். 3000 வாட் என்றால் 17.6. எதுவுமே காட்டவில்லை என்றால் எலிமென்ட் அறுந்திருக்கிறது. அடுத்து, முனைக்கும் உலோக உறைக்கும் இடையே அளங்கள். அங்கே எந்த இணைப்பும் காட்டக் கூடாது. ஆனால் சாதாரண மீட்டர் மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் இதைச் சோதிக்கிறது. மீட்டர் நல்லது என்று சொன்ன எலிமென்ட், சூடேறியதும் மின்சாரத்தைக் கசியவிட்டு, கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யைத் தட்டிவிடுவதுண்டு. அதைக் கண்டுபிடிக்க 500 வோல்ட்டில் சோதிக்கும் மெக்கர் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை செய்பவர் அதை வாங்கத் தேவையில்லை, அந்தச் சிக்கல் வந்தால் மின்பணியாளரை அழைத்துக்கொள்ளலாம்.

உங்கள் டெஸ்டரைப் பற்றி ஒன்று. அந்த விளக்கு எரியவில்லை என்பது மின்சாரம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. உலர்ந்த தரையில் ரப்பர் செருப்போடு நின்றாலே அது மங்கிவிடும். மின்சாரம் இருப்பது உறுதியான ஒரு பிளக்கில் மீட்டரை வைத்துப் பாருங்கள். பிறகு கீசரின் இணைப்பில் லைனுக்கும் நியூட்ரலுக்கும், லைனுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பாருங்கள். பிறகு மறுபடியும் அந்தப் பிளக்கில் பார்த்து, இடையில் மீட்டரே பழுதாகவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். அறைச் சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். தவறாக வயரிங் செய்த வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலைத் துண்டித்து, லைனை அப்படியே விட்டுவைத்திருக்கும். எம்.சி.பி.யை நிறுத்தியதும் அதன் மேல் ஒரு டேப்பை ஒட்டுங்கள், வீட்டில் வேறு யாரேனும் நல்லெண்ணத்தோடு போட்டுவிடாமல் இருக்க.

கம்பி முனைகளையும் பாருங்கள். ஒரு முனை கருகியோ, அதன் பிளாஸ்டிக் உறை பழுப்பாகவோ இருந்தால், அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது. அரை ஓம் மின்தடை அங்கே இருந்தாலே 36 வாட் அளவுக்கு வெப்பம் அந்த ஒரு புள்ளியில் எழும். சாலிடரிங் அயர்ன் ஒன்றை உள்ளே வைத்து மூடியதற்குச் சமம். கருகிய முனையை வெட்டி எறிந்து, அளவுக்கேற்ற புது முனையைக் கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். குறடால் நசுக்கியது ஓராண்டுகூடத் தாங்காது. இது என் சொந்த வீட்டில், என் கையாலேயே செய்த தவறு.

மறுமொழி: சுண்ணாம்புக்கல்

கல்லை அகற்றுவதைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை; ஆகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஸ்க்ரூடிரைவரால் தட்டலாமா என்பதற்கு ஒரே சொல்: கூடாது. தொட்டியின் உட்புறம் கண்ணாடிப் பூச்சு பூசியதாக இருந்தால், உலோக முனை பட்ட இடத்தில் மெல்லிய சில்லு பெயரும். அதற்கடியில் உள்ள எஃகு அன்றிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். எலிமென்ட்டின் உறையும் மெல்லிய குழாய்தான். அதில் ஒரு துளை விழுந்தால் நீர் உள்ளே இறங்கிவிடும்.

வேண்டியவை எல்லாம் மென்மையானவை: நீண்ட கைப்பிடி கொண்ட நைலான் தூரிகை, மூங்கில் அல்லது மரத்தாலான தட்டையான குச்சி, ஓர் ஆழமான பிளாஸ்டிக் வாளி, கையுறை, கண்களைக் காக்கும் கண்ணாடி, தலையில் மாட்டும் விளக்கு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம் என்ற அளவில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, எலிமென்ட்டின் நீரில் மூழ்கும் பகுதி மட்டும் அதில் இருக்குமாறு தொங்கவிடுங்கள். மின்முனைகள் உள்ள பக்கம் மேலே உலர்ந்தே இருக்க வேண்டும். கல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் சோடா புட்டியைத் திறந்ததுபோல் நுரைக்கும். நுரை அடங்கினால் ஒன்று கல் தீர்ந்திருக்கும், அல்லது அமிலம் தீர்ந்திருக்கும். கரைசலை மாற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கொதிக்கும் நீரைப் பயன்படுத்தாதீர்கள், அதில் கால்சியம் சிட்ரேட் என்னும் வேறொரு வெள்ளைப் படிவு வந்து ஒட்டிக்கொள்ளும். கழிவறைக்கு ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விரைவாக வேலை செய்யும் என்று யாராவது சொல்வார்கள். துருவேறா எஃகில் ஊசித் துளைகள் விழுவதற்கும் அதுவே விரைவான வழி. எந்த அமிலத்தோடும் பிளீச்சைச் சேர்க்க வேண்டாம்; குளோரின் வாயு வெளிவரும்.

தகட்டைக் கழற்றும் முன் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். நீர்வரத்தை மூடிவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்தால்தான் காற்று உள்ளே போய் நீர் கீழே இறங்கும். மறந்தால், நீர் வராததைக் கண்டு தொட்டி காலியாகிவிட்டது என்று நினைத்து நட்டைத் திருகுவீர்கள். 25 கிலோ நீர் உங்கள் தலையில் வந்துவிழும். நீர் ஆறிய பிறகே இதையெல்லாம் செய்ய வேண்டும். 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலைப் புண்ணாக்கும்.

ஆனோட் தண்டை அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பூச்சுத் தொட்டிகளில் பெரும்பாலும் மெக்னீசியத் தண்டுதான் இருக்கும். தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதே அதன் வேலை. புதிதாகப் போடும்போது விட்டத்தைக் குறித்துவையுங்கள். பாதியாகிவிட்டாலோ, நடுவிலுள்ள இரும்புக் கம்பி வெளியே தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். அடியில் நிற்கும் சேற்றை அள்ள ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நீரைத் திரும்பத் திரும்ப விட்டுக் கழுவினாலே போகும்.

மறுமொழி: தரைத்தொட்டி

இதைப் படித்துவிட்டுத் தரையில் நிற்கும் பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் 10 மி.மீ. சாக்கெட்டோடு போய் நிற்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஆனோட் தண்டு மேற்புறத்தில் தனியாகத் திருகப்பட்டிருக்கும். அதன் தலைக்கு வழக்கமாக 27 மி.மீ., அதாவது ஓர் அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் கொண்ட, ஆறு மூலை ஆழச் சாக்கெட் வேண்டும். தொழிற்சாலையில் இறுக்கியதை அசைக்க அரை மீட்டருக்குக் குறையாத பிரேக்கர் பார் எனப்படும் நீண்ட கைப்பிடி, அல்லது தட்டித் தட்டித் திருகும் இம்பாக்ட் ரெஞ்ச் வேண்டும். தொட்டியில் நீர் நிறைந்திருக்கும்போதே முதல் திருகலைச் செய்தால் தொட்டி நகராமல் நிற்கும். ஆனால் முதலில் நீர்வரத்தை மூடி, ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து உள்ளழுத்தத்தைப் போக்கிவிட வேண்டும். மரையிட்டு நேரே திருகும் எலிமென்ட் என்றால் ஒன்றரை அங்குலக் குழாய் வடிவச் சாவி தனியாக விற்கிறது.

அதே இம்பாக்ட் ரெஞ்சைச் சுவர்க் கீசரின் எம் 6 நட்டில் வைத்தால் ஸ்டட் (நட்டு மாட்டும் மரைத்தண்டு) முறிந்து கையோடு வந்துவிடும். முறிந்ததைத் தொட்டியிலிருந்து துளையிட்டு எடுப்பது நமக்கு ஆகாத வேலை.

அழுத்தம் விடும் வால்வைப் பற்றியும் ஒரு சொல். அதற்குக் கருவியே வேண்டாம். நெம்புகோலை விரலால் தூக்கிப் பார்த்து, நீர் வந்து நிற்கிறதா என்று கவனித்தால் போதும். 20 டிகிரி நீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு விரிகிறது. அந்த விரிவு போக வழி வேண்டும் என்பதால் அதில் அவ்வப்போது சொட்டுவது குறையன்று. சொட்டுகிறதே என்று அதன் வாயை மட்டும் யாரும் அடைத்துவிடாதீர்கள். எரிவாயுக் கீசர் என்றால் சோப்புநீரைத் தடவிக் கசிவு பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, பர்னரையும் புகைவழியையும் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவது நல்லது.

மறுமொழி: ஈரத்துண்டு

அனைவருக்கும் நன்றி. நேற்று முழுநாளும் இதிலேயே கழிந்தது, நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாம் கம்பி அவர்கள் சொன்னபடி முதலில் நேரத்தைக் கணக்கிட்டேன். 60 டிகிரி வர 52 நிமிடங்கள் ஆனது. ஆனால் விளக்கு அதற்குள் நான்கு முறை அணைந்து எரிந்தது. மூடியைத் திறந்தேன்: ஆறு நட்டுகள், 10 மி.மீ. ஐந்து நட்டுகள் சாக்கெட் வைத்ததும் ஒரு முனகலோடு கழன்றன. நான் மழுக்கிய ஆறாவது, லாக்கிங் பிளையரில் அரை மணி நேரம் போக்குக் காட்டிவிட்டு வந்தது. எலிமென்ட் 26.8 ஓம் காட்டியது. உறையோடு எந்த இணைப்பும் இல்லை.

வெளியே வந்த பொருளைப் பார்த்ததும்தான் விளக்கு ஏன் அணைந்தது என்பது புரிந்தது. எலிமென்ட்டின் வளைவுக்கும் தெர்மோஸ்டாட் குழாய்க்கும் இடையிலுள்ள இரண்டு விரல் இடைவெளி முழுவதும் கல்லால் அடைபட்டு, இரண்டும் ஒரே கட்டியாக இருந்தன. நீர் சூடாகும் முன்பே எலிமென்ட்டின் வெப்பம் கல் வழியாக நேரே தெர்மோஸ்டாட்டுக்குப் போயிருக்கிறது. ஆக, நானும் முழுத் தவறில்லை, அவரும் முழுத் தவறில்லை. மூன்று முறை கரைசலை மாற்றியதில் கட்டி உதிர்ந்து, செம்புநிற உறை தெரிந்தது. ஆனோட் இருந்த இடத்தில் சுண்டுவிரல் நுனியளவு கட்டையும் ஒரு கம்பியும் மட்டுமே மிச்சம், புதியது வாங்கிவிட்டேன்.

ஒரே ஓர் ஐயம். பழைய கேஸ்கட் பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. அதையே போட்டு, சுற்றிலும் சிலிக்கான் பசை தடவிவிடலாமா? இறுக்குவதற்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்க வேண்டுமா?

மறுமொழி: பழைய ஸ்பேனர்

வேண்டாம், இரண்டுமே வேண்டாம். ஆறு ஆண்டுகள் சூட்டில் நசுங்கிய ரப்பர் தன் பழைய தடத்திலேயே உறைந்திருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் மீண்டு எழாது. அதே மாடலுக்குரிய புது கேஸ்கட்டை உலர்ந்த நிலையிலேயே பொருத்துங்கள். சிலிக்கான் தடவினால் ரப்பர் இறுக்கும்போது வழுக்கி ஒரு பக்கம் பிதுங்கும். அடுத்த ஆண்டு அதைச் சுரண்டுவதும் உங்கள் தலையில்தான் விழும். தகடும் தொட்டியின் விளிம்பும் சேரும் இடத்தில் ஒரு துகள்கூட இல்லாமல் துணியால் துடைத்துவிடுங்கள்.

உற்பத்தியாளரின் கையேட்டில் இறுக்க அளவு தரப்பட்டிருந்து, உங்களிடம் டார்க் ரெஞ்சும் இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்காகவே வாங்கும் அளவுக்கு அவசியமில்லை. ஆறு நட்டுகளையும் கையால் அமர்த்தி, ராட்செட்டைத் தலைக்கு அருகில் பிடித்து, எதிரெதிர் நட்டுகளாக மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ரப்பர் சுற்றிலும் ஒரே அளவில் லேசாகப் பிதுங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

பிறகு நீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று நின்று நீர் சீராக வரும்வரை ஓடவிடுங்கள். அதற்கு முன் எம்.சி.பி.யைத் தொடாதீர்கள், நீரில்லாமல் எலிமென்ட் எரிந்தால் நேற்றைய உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும். தொட்டி நிறைந்ததும், ஒரு டிஷ்யூ தாளை மடித்துத் தகட்டின் விளிம்பு நெடுகத் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் அது காட்டிக்கொடுக்கும். தாள் நனையவில்லை என்றால், கம்பிகளை நீங்கள் எடுத்த படத்தைப் பார்த்துப் பழையபடி இணைத்து, மூடியை மாட்டி, ஒருமுறை முழுவதும் சூடாக்குங்கள். பிறகு மீண்டும் மின்சாரத்தை நிறுத்திச் சோதித்து, மூடியைக் கழற்றி, அதே தாளால் இன்னொரு சுற்றுப் பாருங்கள்.

மழுங்கிய நட்டுக்குப் பதிலாகப் புது நட்டு வாங்கிவிட்டீர்கள்தானே?

மறுமொழி: ஈரத்துண்டு

ஆறும் புதிது. துருவேறா எஃகு.